மறு: ‘பயனாளி’ வேண்டாம் – டபிள்யூ-8பிஇஎன் படிவத்துக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கத் தளங்களில் நூல் விற்கும் நம் எழுத்தாளர்கள் நிரப்பித் தர வேண்டிய அமெரிக்க வரிப் படிவம்தான் டபிள்யூ-8பிஇஎன். அதைத் தமிழாக்குவதற்கான சொற்பட்டியல் பற்றி இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நேற்றிரவுதான் உட்கார்ந்து படித்து முடித்தேன். ‘பெனிஃபிஷியல் ஓனர்’ என்பதற்குப் ‘பயனாளி’ என்று பட்டியலில் ஏற்றிவிடலாம் என்ற முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம்போலத் தெரிகிறது. ஏற்றுவதற்கு முன் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவருடைய நாவல்கள் ஏழும் அச்சில் இல்லை. அவற்றை மின்னூலாக்கி அமெரிக்கத் தளம் ஒன்றில் ஏற்ற உதவி கேட்டார், போயிருந்தேன். வரி விவரப் பக்கத்தை நிரப்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் யாரோ தமிழாக்கிக் கொடுத்த வழிகாட்டியின் அச்சுப்படி. ‘பயனாளியின் பெயர்’ என்ற இடத்தில் மகன் பெயர், அதன் கீழே மகனுடைய பான் எண்.

“ஏன் சார், புத்தகம் உங்களுடையதுதானே?” என்று கேட்டேன்.

“பணம் அவன் கணக்குக்குத்தானே வரப்போகிறது? அப்போது பயனாளி அவன்தானே?” என்றார்.

அவர் மேல் தவறே இல்லை. நம் ஊரில் பயனாளி என்றால் பணமோ பொருளோ போய்ச் சேரும் ஆள். வீடு கட்டும் திட்டத்தின் பயனாளி, முதியோர் ஓய்வூதியப் பயனாளி என்று எத்தனை பட்டியல்களில் படித்திருப்பார்! அந்தச் சொல் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துமோ அங்கேதான் அவர் நின்றார். ஆனால் படிவம் கேட்பது வேறு. பணம் யார் கைக்குப் போகிறது என்பது அதற்கு முக்கியமில்லை. இது யாருடைய வருமானம் என்றுதான் கேட்கிறது. அமெரிக்க வரித்துறையின் விளக்கக் குறிப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது: தன் வருமானமாகக் கணக்கில் காட்ட வேண்டியவர் யாரோ அவர்தான் பெனிஃபிஷியல் ஓனர், இன்னொருவருக்காக முகவராகவோ பொறுப்பாளராகவோ வாங்கிக்கொள்பவர் அல்லர். நூலை எழுதியவர் அப்பா, உரிமை அவருடையது, வருமானமும் அவருடையது. மகன் கணக்கு வெறும் வாசல்.

இத்தனைக்கும் அது பொய் சொன்னால் தண்டனை என்பதற்கு உடன்பட்டுக் கையெழுத்திடும் படிவம். அதில் ஒரு மனிதரைத் தவறான பெயர் எழுத வைக்கும் சொல்லை நம் பட்டியலில் வைக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

சரி, வேறு என்ன சொல்? இங்கே ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. நமக்கு இந்தக் கருத்து புதிதே இல்லை. ‘பினாமி’ என்றால் தெரியாதவர் உண்டா? 1988இல் வந்து 2016இல் திருத்தப்பட்ட பினாமி ஒழிப்புச் சட்டத்திலும் இதே ‘பெனிஃபிஷியல் ஓனர்’ இருக்கிறார். யாருடைய நன்மைக்காகச் சொத்து பினாமிதாரரிடம் இருக்கிறதோ அவர். ஆக, பெயருக்கு இருப்பவரைக் குறிக்க நம்மிடம் சொல் இருக்கிறது; அவருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான ஆளைக் குறிக்கத்தான் நிலைத்த சொல் இல்லை. பழைய கிரயப் பத்திரங்களில் ‘சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று எழுதுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த தொடர் அது. ஆண்டு அனுபவிப்பவர் என்பது கிட்டத்தட்ட நாம் தேடும் ஆளேதான். ஆனால் நிலத்துக்குப் பொருந்துவதுபோல நூல் விற்ற காசுக்கு அது பொருந்தவில்லை, நீளமும் அதிகம்.

குழுவில் வந்த ‘பயனுறு உரிமையாளர்’ பொருளில் சரியானது. ஒப்பந்தங்களை மொழிபெயர்க்கும் இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் படிவம் நிரப்புகிறவர் ‘பயனுறு’ என்ற இடத்தில் மறுபடியும் பயனாளியிடம்தான் போவார். ‘உண்மை உரிமையாளர்’ என்றால் மற்றவர் பொய் உரிமையாளர் என்று ஆகிவிடுகிறது. கணக்கைக் கொடுத்த மகன் எந்தப் பொய்யும் சொல்லவில்லையே.

என் பரிந்துரை: வருமானத்துக்குரியவர்.

கலைச்சொல்போல இல்லை என்று சிலர் சொல்வீர்கள். இல்லாமலே இருக்கட்டும். படிவத்தில் உள்ள சொல்லுக்குச் சுருக்கம் இரண்டாம்பட்சம்தான். பிழையில்லாமல் நிரப்ப வைக்கிறதா என்பதே முதலில். அந்த ஆசிரியரிடம் ‘வருமானத்துக்குரியவர் பெயர்’ என்று காட்டியிருந்தால் தன் பெயரைத்தான் எழுதியிருப்பார்.

இதே கோளாறு படிவத்தின் தலைப்பிலேயே (‘சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஃபாரின் ஸ்டேட்டஸ் ஆஃப் பெனிஃபிஷியல் ஓனர்…’) இன்னும் இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, ‘ஃபாரின்’. 6ஆவது வரியில் ‘அயல்நாட்டு வரி அடையாள எண்’ என்று போட்டிருக்கிறோம். நாகர்கோவிலிலோ சேலத்திலோ உட்கார்ந்து இதைப் படிப்பவர், “எனக்கு ஏது அயல்நாட்டு எண்?” என்று வெறுமையாக விட்டுவிட்டுப் போகிறார். கேட்கப்படுவதோ அவருடைய பான் எண்! அமெரிக்காவிலிருந்து பார்த்தால் நாம் அயல். நம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் பான் எப்படி அயலாகும்? இந்த வரியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். முன்பெல்லாம் இரு நாடுகளுக்கு இடையிலான வரி உடன்படிக்கையின்படி குறைந்த வரிச் சலுகை வேண்டுமென்றால் அமெரிக்க வரி எண் ஒன்றை வாங்கியாக வேண்டும் என்று எழுத்தாளர்கள் அலைந்தார்கள். அதற்கு டபிள்யூ-7 என்று தனி விண்ணப்பம். கடவுச்சீட்டின் மூலத்தையோ, அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகலையோ இணைக்க வேண்டும். இப்போது இவ்வகை வருமானத்துக்குச் சொந்த நாட்டு எண்ணே போதும் என்றாகியிருக்கிறது. அவ்வளவு பெரிய வசதி ஒரு சொல்லால் தவறிப்போகலாமா? ‘உங்கள் நாட்டு வரி எண் (இந்தியாவில் பான்)’ என்று திருப்பி எழுதுவோம். அதே முறையில் ‘ஃபாரின் ஸ்டேட்டஸ்’ என்பதை ‘அமெரிக்கர் அல்லாதவர் என்ற நிலை’ என்று வைக்கலாம்.

இரண்டு, ‘சர்ட்டிஃபிகேட்’. நாம் ‘சான்றிதழ்’ என்று எழுதியதும் வந்த கேள்வி: “இதை எந்த அலுவலகத்தில் வாங்குவது? இ-சேவை மையத்தில் கிடைக்குமா?” சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் இன்னொருவர் நமக்குத் தருபவை. இதுவோ நாமே எழுதி, நாமே கையெழுத்திட்டு, பணம் தரும் தளத்திடம் கொடுப்பது. அமெரிக்க வரித்துறைக்குக்கூட நாம் அனுப்ப வேண்டியதில்லை. ஆகவே ‘உறுதிமொழி’.

அடுத்து ‘வித்ஹோல்டிங்’. ‘நிறுத்திவைப்பு வரி’ என்று ஒரு நண்பர் முன்வைத்திருந்தார். தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ‘ஊதிய உயர்வு நிறுத்திவைப்பு’ என்றால் கொடுக்காமல் முடக்கிவிட்டார்கள் என்று பொருள். வாசகர் தன் பணமே முடங்கியதாகப் பதறுவார். நம்மிடம் ‘பிடித்தம்’ என்ற அருமையான சொல் புழக்கத்தில் இருக்கிறது. “பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வருது?” என்று மாதச் சம்பளக்காரர் எல்லோரும் பேசுகிறார்கள். வரிப்பிடித்தம் போதும். இந்தியாவின் டிடிஎஸ்ஸுடன் குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். வேலை ஒன்றுதான்: கொடுப்பவர் பிடித்துக்கொண்டு அரசிடம் கட்டுகிறார். வேறுபாடு அதற்குப் பின்னால் வருகிறது. இங்கே டிடிஎஸ் போனாலும் ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்து சரிபார்க்கிறோம். அங்கே வெளிநாட்டு எழுத்தாளரிடம் சரியான விகிதத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் விவகாரம் அத்துடன் முடிந்தது. கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கத்தான் தாக்கல் தேவைப்படும். அதனால்தான் முதலிலேயே படிவத்தைச் சரியாக நிரப்புவது இத்தனை முக்கியம்.

எண்களில் பார்த்தால் புரியும். அமெரிக்கக் கடையில் விற்ற வகையில் 100 டாலர் ராயல்டி வருகிறது என்று வையுங்கள். சலுகை கோராவிட்டால் 30 டாலர் பிடித்தம். இந்தியாவும் அமெரிக்காவும் 1989இல் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பின்படி கோரினால் 15. கனடாவிலோ பிரிட்டனிலோ வசிக்கும் தமிழ் எழுத்தாளருக்கு அவர்கள் நாட்டு உடன்படிக்கைப்படி இலக்கிய நூலுக்குப் பிடித்தமே இல்லை. அப்புறம், இது அமெரிக்காவில் விற்றதற்கு மட்டும். இந்தியக் கடையில் விற்றால் அந்த வருமானம் அமெரிக்காவில் தோன்றியது ஆகாது. ‘சோர்ஸ்’ என்பதற்கு ‘மூலம்’ என்று எழுதியிருக்கும் இடங்களில் ‘தோன்றிய நாடு’ என்று மாற்றினால் இது தானே விளங்கும்.

மற்றவை சுருக்கமாக. ‘ட்ரீட்டி’ – உடன்படிக்கை, சிக்கல் இல்லை. ‘டாக்ஸ் இன்டர்வியூ’ (தளத்தின் வரி விவரப் பக்கத்துக்கு இருக்கும் பெயர்) – நேர்காணல் வேண்டவே வேண்டாம், யாரோ தொலைபேசியில் அழைப்பார்கள் என்று காத்திருக்கிறார்கள். ‘வரி விவரக் கேள்விகள்’. ராயல்டிக்கு ‘உரிமைத்தொகை’ நல்ல சொல்தான். ஆனால் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் வந்தபின் தமிழ்நாட்டில் அந்தச் சொல் மாதம் ஆயிரம் ரூபாய்க்குப் போய்விட்டது. ‘நூலுரிமைத் தொகை’ என்று முன்னொட்டு சேர்ப்போம், ராயல்டியும் இருக்கட்டும்.

ஆக, தலைப்பு இப்படி வரும்: ‘அமெரிக்க வரிப்பிடித்தத்துக்காக, அமெரிக்கர் அல்லாத வருமானத்துக்குரியவர் தரும் உறுதிமொழி (தனிநபர்)’.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

———

மறு: மறு: ‘பயனாளி’ வேண்டாம்

வணக்கம் தம்பி,

உங்கள் மடலை இரண்டு தரம் வாசித்தேன். ‘அயல்நாட்டு’ பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கே யாழ்ப்பாணத்திலும் எனக்குத் தெரிந்த இரண்டு கவிஞர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டவர்கள்.

ஆனால் ‘நிறுத்திவைத்தல் வரி’ எங்களுக்குப் பழகிய சொல். வங்கியில் நிலையான வைப்புப் போட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டு இங்கே யாரும் பதற மாட்டார்கள். ‘பிடித்தம்’ என்றால் எங்கள் பிள்ளைகள் விருப்பம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஒரு சொல்லைத்தான் வைக்க வேண்டும் என்று ஏன் நிற்க வேண்டும்? எண் என்று நீங்கள் எழுதும் இடத்தில் நாங்கள் இலக்கம் என்று எழுதுகிறோம், அதுபோல இதுவும் இருக்கட்டும்.

வருமானத்துக்குரியவர் நல்லாயிருக்கிறது. ‘உரித்தாளர்’ என்று சுருக்க முடியாதா? காணி உறுதிகளில் உரித்து என்ற சொல் எங்களுக்கு நாளாந்தம் வருவது.

இன்னொன்று. விகிதங்களைச் சொன்னபோது இலங்கையை விட்டுவிட்டீர்கள். எங்கள் உடன்படிக்கையில் ராயல்டிக்கு 10 வீதம்.

———

மறு: மறு: மறு: ‘பயனாளி’ வேண்டாம்

அக்கா, வணக்கம்.

இலங்கையை விட்டது என் பிழை. 10 விழுக்காடு என்பதை வழிகாட்டியில் சேர்த்துவிட்டேன்.

நிறுத்திவைத்தல் வரி பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். வைப்புக் கணக்கு வரைக்கும் பழகிய சொல்லை எடுத்துவிடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பட்டியலில் இரண்டையும் போடுவோம்: வரிப்பிடித்தம் (தமிழ்நாடு), நிறுத்திவைத்தல் வரி (இலங்கை). ஒன்றைத் தேடினால் மற்றதும் வரும்படி இணைத்துவிடலாம்.

உரித்தாளர் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘உரித்து’ என்றதும் எங்கள் பக்கம் வாழைப்பழத் தோல்தான் நினைவுக்கு வரும். படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். உரியவர், உரித்து, உரிமை எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவைதானே? இரண்டு கரைக்கும் பொதுவாக உரியவர் நிற்கட்டும். இலங்கைக்கான படியில் ‘வருமானத்துக்கு உரித்துடையவர்’ என்று எழுதினால் எனக்கு முழுச் சம்மதம்.

சிங்கப்பூர், மலேசிய நண்பர்கள் தனிமடலில் கேட்டிருந்ததற்கும் இங்கேயே பதில்: உங்கள் நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வருமான வரி உடன்படிக்கை இல்லை. ஆகவே அமெரிக்க விற்பனைக்கு 30 விழுக்காடுதான். உடன்படிக்கைப் பகுதியை நிரப்ப வேண்டாம், ஆனால் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு நாம் வைத்திருக்கும் ‘வரிச்சலுகைக் கோரிக்கை’ என்ற தலைப்பு எல்லோருக்கும் சலுகை உண்டு என்ற எண்ணத்தைத் தருகிறது. ‘உடன்படிக்கை உள்ள நாட்டவர் மட்டும்’ என்று கீழே ஒரு வரி சேர்க்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வீட்டுக்கு மறுபடி போகிறேன். இந்த முறை நான் எதுவும் விளக்காமல் புதிய தமிழ்ப்படியை மட்டும் அவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லப்போகிறேன். எந்தக் கட்டத்தில் பென்சில் நிற்கிறதோ அந்தச் சொல்லை மறுபடி இங்கே கொண்டுவருகிறேன். தேதி எழுதும் இடத்தில் ஒரு குறிப்பு வேண்டும் என்று இப்போதே தோன்றுகிறது. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாம் ஆண்டின் டிசம்பர் 31 வரைதான் பொதுவாக இந்தப் படிவம் செல்லும். அதற்கு மேல் புதிதாகக் கொடுக்க வேண்டும். ‘காலாவதி’ என்று போடலாமா, ‘செல்லுபடி நாள்’ என்று போடலாமா?

1042-எஸ் படிவத்தைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். பிடித்தது எவ்வளவு என்று தளங்கள் மார்ச் 15க்குள் அனுப்பும் தாள் அது. இந்தியாவில் அந்தத் தொகைக்கு வரிக்கழிவு கோரும்போது அதுதான் ஆதாரம் என்பதால் அதன் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். ‘பிடித்த விவரத் தாள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘பிடித்த’ என்பதை விருப்பமான என்று படிக்க இடமிருக்கிறது, அக்கா சொன்னதுபோல. வேறு வழி தோன்றினால் சொல்லுங்கள்.