மாமாவின் 19 மணி: மலைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

உப்புவெளியான்
மாமா போய் எட்டு மாதம். கன்னியாவில் 31ஆம் நாள் காரியம் முடிந்த அன்றே, இந்த வருடம் சிவனொளிபாத மலைக்கு நான் போகிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். வலையோடு வளர்ந்த மனுசனுக்கு மலைப் பைத்தியம் எப்படிப் பிடித்ததென்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "கோணேசர் மலை காணாதோ?" என்று மாமி கேட்பா. "அது கடல் பாக்கிற மலை. எனக்கு மலை பாக்கிற மலை வேணும்" என்பார்.

ஹற்றன் பஸ், நல்லதண்ணி அடிவாரம், படிகள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேரே உச்சியில் தொங்குகிற மணிக்கு வருகிறேன். எத்தனையாவது தரம் ஏறுகிறோமோ அத்தனை தரம் அதை அடிப்பது வழக்கம். எனக்கு இரண்டாவது. மாமாவுக்கு 19, கலண்டர் மட்டையின் பின்பக்கம் ஐந்து ஐந்தாகக் கட்டிக் கோடு போட்டு வைத்திருந்தார்.

பனியில் நனைந்த கயிறு, பிடித்ததும் கை விறைத்தது. இரண்டு அடித்தேன். விட மனம் வரவில்லை. மூன்று, நாலு... பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. எட்டோ ஒன்பதோ ஆகும்போது அழுகை வந்து கணக்குத் தவறிவிட்டது. பின்னால் நின்ற ஒரு சிங்கள அம்மா "கீயத?" என்றா. பத்து விரலும் பிறகு ஒன்பது விரலும் காட்டினேன். அவவே சத்தமாக எண்ணி 19இல் நிறுத்தினா. பிறகு தன் பங்குக்கு ஒன்றே ஒன்று அடித்தா.

நான் செய்தது பொய்க்கணக்கா?

சாம்பல்தீவு
பிழைதான் தம்பி. மணி ஏறின காலுக்கு, செத்தவருக்கு இல்லை. என் அண்ணரும் மலைக்காரர்தான். 2004 டிசம்பர் 26 போயா (பௌர்ணமி), சீசன் தொடங்கின நாள், அவர் உச்சியில். இறங்கி வந்து தேத்தண்ணிக் கடையில் குந்தும்போது ரேடியோவில் கடல் வந்த செய்தி. வீட்டு வாசலுக்கு வந்து சேர இரண்டு நாள். நாங்கள் தப்பியிருந்தோம். அவர் ஒன்றும் பேசாமல், முழங்கால் வரை சேறு காய்ந்தபடி நின்றார். அதற்குப் பிறகு சாகும்வரை மலைப்பக்கம் போகவில்லை. அவருக்காக நான் ஒரு மணியும் அடிக்கவில்லை.

நிலாவெளி ரோட்
சாம்பல்தீவு அண்ணை, இதில் பிழை சரி பார்க்க நாங்கள் ஆர்? பின்னால் நின்ற அம்மாவே எண்ணிவிட்டாவே!

நான் ஒரு தரம் போய்ப் பாதியில் திரும்பினவன், அவ்வளவுதான் என் கதை. ஆனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரைதான் சீசன்; மற்ற மாதங்களில் மழையும் காற்றும், படியில் லைற்றும் இராது. போயாவும் சனி ஞாயிறும் வேண்டாம், சனத்துக்குள் நசிவீர்கள். கண்டி போய் ஹற்றன் பஸ் எடுங்கள். ஐயாயிரத்துக்கு மேல் படி, நடுச்சாமத்துக்கு முன்னமே தொடங்குங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தை நம்பி மெல்லிய சட்டையோடு போகவேண்டாம், உயரம் 2243 மீற்றர், காதை மூடத் தொப்பி கட்டாயம். இரத்தினபுரிப் பாதை என்றால் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும்; முழங்காலைத் தின்பது இறக்கம். சூரியனைப் பார்த்த கையோடு இறங்கிவிடாதீர்கள், மேற்கே திரும்பினால் மலையின் நிழல் முக்கோணமாக விழுந்து கிடக்கும். நான் அதைப் பார்க்கவில்லை, என் மச்சான் படம் காட்டினவர்.

உவர்மலை
தம்பி, நீ யாருடைய மருமகன் என்று விளங்கிவிட்டது. நானும் உன் மாமாவும் ஒன்றாகப் படித்தோம், அநேகமாக எல்லாத் தரமும் ஒன்றாகத்தான் ஏறினோம். இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கடைசித் தரம் அவன் உச்சிக்கு வரவில்லை. முழங்கால் வீங்கிவிட்டது. பாதிக்கு மேலே ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் என்னுடைய துவாயையும் போர்த்திக்கொண்டு இருந்தான். "வீட்டில சொல்லாத மச்சான், பிறகு விடமாட்டாள்" என்றான். நான் மேலே போய் என் கணக்கை அடித்து, அவனுக்கும் சேர்த்து அடித்தேன். இறங்கி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு எத்தனை அடிச்சனீ?"

19 என்றேன். "சரி" என்று தேத்தண்ணியைக் குடித்தான்.

உப்புவெளியான்
வாசித்த உடனே மாமியிடம் போய் மட்டையை வாங்கிப் பார்த்தேன். மூன்று கட்டு, மிச்சம் நாலு கோடு. கடைசிக் கோட்டை மற்றவற்றின் பாதி உயரத்துக்குத்தான் கீறியிருக்கிறார்.