கெர்னலில் கோப்பு முறைமைப் பூட்டு முடக்கம்: கண்டறிய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக நாங்களே எழுதிவரும் ஒரு கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளைச் சேமித்து நிர்வகிக்கும் பகுதியை) இரண்டு மாதங்களாகச் சோதித்து வருகிறோம். நினைவகம் குறையும் வேளையில், கோப்பில் எழுதும் செயல்முறைகள் அனைத்தும் 'டி' நிலையில் (குறுக்கிட முடியாத காத்திருப்பில்) உறைந்துவிடுகின்றன. செயல்முறையைக் கட்டாயமாக நிறுத்தும் 'கில் -9' கட்டளையைக் கொடுத்தும் பயனில்லை. 120 விநாடிகள் கழிந்ததும் கெர்னலின் எச்சரிக்கை பதிவாகிறது.

முடங்கிய செயல்முறைகளைக் காட்டும் சிஸ்ரிக்யூ 'டபிள்யூ' கட்டளை வழியாக எடுத்த அழைப்புத் தடங்களை (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியலை) வரிவரியாகப் படித்ததில், ஒரு செயல்முறை, மாற்றங்களை முதலில் பதிவேட்டில் எழுதும் ஜர்னல் பரிமாற்றத்தைத் திறந்து வைத்துக்கொண்டே நினைவகம் கேட்பதும், அக்கோரிக்கை நினைவக மீட்புக்குள் புகுந்து, பழைய ஐநோடுகளை (கோப்பு விவரப் பதிவுகளை) நீக்குவதற்காக எங்கள் கோப்பு முறைமைக்கே திரும்பி, அதே பரிமாற்றம் முடியட்டும் என்று காத்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தது. நினைவகம் கேட்கும்போது கோப்பு முறைமைக்குள் திரும்ப நுழையாமல் தடுக்கும் ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ் குறியை இட்டு அதைச் சரிசெய்துவிட்டோம்.

ஆயினும் வாரம் ஒருமுறையேனும் முடக்கம் தொடர்கிறது. பூட்டுப் பிழைகளைக் கண்டறியும் கெர்னல் கருவியான லாக்டெப் எதையும் சொல்வதில்லை. பக்கப் பூட்டுகளை (நினைவகப் பக்கங்களுக்கான பூட்டுகளை) அது கண்காணிப்பதில்லை என்பதால், ஒன்றுக்கொன்று காத்திருக்கும் எஞ்சிய சுழல் அங்கேதான் இருக்கும் என்று வலுவாக ஐயுறுகிறேன். முடங்கிய கணத்தின் நினைவகப் படிமத்தைக் கிராஷ் கருவியில் திறந்து, ஒரு பக்கத்தைப் பூட்டிய செயல்முறை எது என்று தேடிக் கண்ட அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். மதுரை, திண்டுக்கல், விருதுநகர்ப் பகுதிகளில் இருப்பவர்களை, தடப் பதிவுகளுடன் நேரில் வந்து சந்திக்கவும் ஆயத்தமாக உள்ளேன்.