மறு: டி.எல்.சி. பூச்சுக்குத் தமிழ்ப்பெயர் - 'வயிரக்கரி' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

டி.எல்.சி. (டைமண்ட்-லைக் கார்பன்) என்பது எஃகுக் கருவிகள்மேல் படியவைக்கும் கடினமான, மெல்லிய கருப்புக் கார்பன் படலம். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சில், மூன்று நாளாக எல்லா மடல்களையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாதக் கடைசி, பட்டறையில் வேலை நெருக்கியது, பதில் எழுத முடியவில்லை.

"வைரம் போன்ற கார்பன்" என்றே வைத்துக்கொள்ளலாமே, எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று பேராசிரியர் ஐயா கேட்டிருந்தார். ஐயா, அது விளக்கம், பெயர் இல்லை. பக்கத்தில் இன்னொரு சொல்லை ஒட்டிப் பாருங்கள்: "ஹைட்ரஜன் கலந்த வைரம் போன்ற கார்பன் பூசிய பிஸ்டன் பின்". ஹைட்ரஜன் கலந்தது எதில்? வைரம் போல் இருப்பது கார்பனா, பின்னா? 1971-இல் ஐசன்பெர்க், சாபோ இருவரும் அயனிக் கற்றையால் படியவைத்த கார்பன் படலத்தை வைரத்துக்கு ஒப்பிட்டு எழுதினார்கள். அந்த உவமையே பெயராகிப்போனது. மூன்று எழுத்தாகச் சுருங்கியதால்தான் பட்டறைகளில் நிலைத்தது. உவமையை அப்படியே தூக்கி வருவதில் நமக்கு என்ன லாபம்?

எனக்கு இதில் ஒரு சொந்தக் கடுப்பும் உண்டு. சென்னை வியாசர்பாடியில் எங்களுடையது சின்ன டூல் ரூம், அதாவது கருவி செய்யும் பட்டறை. அலுமினியத் தகட்டைக் கிண்ணமாக இழுக்கும் பஞ்சும் (தகட்டை அழுத்தும் எஃகுக் குத்தி) டையும் (அது இறங்கும் அச்சு) செய்கிறோம். அலுமினியத்துக்கு ஒரு கெட்ட புத்தி, எஃகில் அப்பிக்கொள்ளும். பஞ்ச் நூறு இருநூறு தடவை இறங்கி அடித்ததும் பஞ்சின் வளைவில் வெள்ளி வெள்ளியாய்த் திட்டு ஏறிவிடும், அடுத்த கிண்ணத்தில் கீறல் விழும். மெஷினை நிறுத்தித் தேய்க்க வேண்டும். இந்தக் கருப்புப் பூச்சு போட்ட பிறகு அந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்தது. ஆனால் ஒருமுறை கோட்டிங் போட்டுக் கொடுப்பவர் பில்லில் "டைமண்ட் கோட்டிங்" என்று எழுதிவிட்டார். எங்கள் வாடிக்கையாளர் அதை நம்பி, "வைரம் பூசின பஞ்ச் எப்படித் தேயும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

நிஜமான வைரப்பூச்சு வேறு. அதற்கு எழுநூறு, எண்ணூறு டிகிரி சூடு வேண்டும், பெரும்பாலும் கார்பைடு கருவிகளில்தான் போடுகிறார்கள். கடினமாக்கிய எஃகை அந்தச் சூட்டில் வைத்தால் பதம் போய்விடும். நம்முடையது 200 டிகிரிக்கு உள்ளேயே போடக்கூடியது, அதனால்தான் எஃகுக்கு ஒத்துவருகிறது. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் எங்கள் பஞ்ச் எஃகு சுமார் 700. இந்தப் பூச்சில் சாதாரண வகையே 1500-க்கு மேல். வைரமோ 8000-ஐத் தாண்டும். ஆக 'வைரப்பூச்சு' என்ற பெயரை முதலில் தள்ளிவிட வேண்டும். அது பொய்.

அடுத்து 'கரிமப் பூச்சு'. இதை முன்மொழிந்த நண்பருக்கு ஒரு கேள்வி. கரிம வேதியியல் என்று பள்ளியில் எதைப் படித்தோம்? பெயிண்டும் வார்னிஷும்தான் கரிமப் பூச்சு என்று படிப்பவர் நினைப்பார். இலங்கை அன்பர் சொன்ன 'காபன்' அவர்களுக்குப் பழகியது, இங்கே பாடநூல்களில் 'கார்பன்'. இரண்டுமே எனக்குச் சம்மதம். ஆனால் முன்னால் எந்த அடைமொழி வந்தாலும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது.

'புறக்காழ்' என்ற யோசனையைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். காழ் என்றால் வயிரம், மரத்தில் இறுகிய பகுதி. வெளியே வயிரமுள்ள பனை, தென்னை போன்றவை புல், உள்ளே வயிரமுள்ளவை மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. வெளியே உறுதி, உள்ளே மென்மை. எண்ணூர்ப் பக்கம் வெட்டிப்போட்ட பனையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் இந்தச் சொல்லை இங்கே செலவழிக்கக் கூடாது என்பது என் கருத்து. கியரின் மேல்தோலை மட்டும் கடினமாக்குகிறோமே, கேஸ் ஹார்டனிங், அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அங்கே எஃகே வெளிப்புறத்தில் இறுகுகிறது. இங்கே வெளியிலிருந்து ஒன்று வந்து உட்காருகிறது. புறக்காழை எடுத்து வைத்துவிடுவோம், தனி மடலில் பேசலாம்.

இதைப் படித்த கையோடு தோன்றியதுதான் 'வயிரக்கரி'. வயிரம் என்றால் கல் மட்டுமா? வயிரம் பாய்ந்த கட்டை என்கிறோம். வயதானவர் திடமாக இருந்தால் அவரையும் அப்படித்தான் சொல்கிறோம். இறுகிப்போன தன்மையே அந்தச் சொல்லில் இருக்கிறது, 'போன்ற' என்று இழுக்க வேண்டியதில்லை. வைரமும் வயிரமும் ஒரே சொல்தானே, காதில் எப்படிப் பிரியும் என்பீர்கள். பிரியாதுதான். ஆனால் தமிழில் கடைசிச் சொல்தான் ஆளைக் காட்டும். வைரப்பூச்சு என்றால் பூசியது வைரம். வயிரக்கரி என்றால் அது கரி, இறுகிய கரி. உண்மையும் அதுதான். வைரத்தில் உள்ளதுபோல் நாலு பக்கமும் கைகோத்த அணுக்கள் கொஞ்சம், பென்சில் கரியில் உள்ளதுபோல் மூன்று கை கோத்தவை கொஞ்சம், படிக ஒழுங்கே இல்லாமல் கலந்து கிடக்கின்றன. முதல் வகை கூடினால் கடினம் கூடும்.

முகத்தில் கரி பூசுவது நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் சிரித்திருந்தார். கரி என்றால் யானையும்தான், சாட்சியும்தான். பட்டறையில் யாரும் யானையைப் பஞ்சில் பூசப்போவதில்லை.

பூச்சா, முலாமா, படலமா? எங்கள் ஃபிட்டர் அண்ணன் 'கருப்பு முலாம்' என்கிறார். முலாம் என்றாலே எனக்கு உள்ளே பித்தளை இருக்கிற சந்தேகம் வருகிறது. பூசுவது கையால் தடவுவது அல்லவா, இங்கே வெற்றிட அறையில் அசிட்டிலின் வாயுவைப் பிளாஸ்மாவாக்கி (மின்னேறிய வாயுவாக்கி) அணு அணுவாகப் படியவைக்கிறார்களே என்ற ஆட்சேபத்துக்கு ஈயம் பூசுகிறவரைக் காட்டுகிறேன். அண்டாவைச் சூடேற்றி, நவச்சாரம் போட்டுத் துடைத்து, அப்புறம்தான் ஈயத்தை ஓடவிடுவார். துடைப்பது சரியில்லை என்றால் ஈயம் பிடிக்காது. இங்கேயும் அதே கதை. பக்கத்துக் காசிமேட்டுக் கடற்காற்றில் உப்பு, கிரைண்டிங் முடித்த எஃகை ஒரு ராத்திரி துணி மூடாமல் வைத்தால் காலையில் ஊசிமுனைத் துரு. அப்படி ஒரு பஞ்சை நானே அவசரத்தில் எண்ணெய் தடவாமல் அனுப்பினேன். பூசி வந்தபோது மினுமினு கருப்பு, விளிம்பில் மட்டும் மயில்கழுத்து நிறம், அவ்வளவு அழகு. முப்பதாவது தடவை அடித்தபோதே முட்டை ஓடு மாதிரி பெயர்ந்தது. அடியில் குரோமியம் போட்டிருந்தும் துருப்புள்ளியின் மேல் எதுவும் நிற்கவில்லை. ஆகவே 'பூச்சு' போதும்.

பெயர் வைத்தால் பிள்ளைகளுக்கும் சேர்த்து வைக்க வேண்டும். 2017-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 20523 என்ற சர்வதேசத் தரநிலை இந்தக் குடும்பத்தை ஹைட்ரஜன் உண்டா, உலோகம் கலந்ததா, நான்கு பிணைப்பு மிகுந்ததா என்று பார்த்துப் பிரிக்கிறது. ஹைட்ரஜன் வயிரக்கரி, டங்ஸ்டன் வயிரக்கரி இரண்டும் நாக்கில் நன்றாகவே உருளுகின்றன. நான்கு பிணைப்பு மிகுந்த வகைக்கு 'நான்முகி வயிரக்கரி' என்று எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் கரடுமுரடு. வேறு யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.

இன்று சாயங்காலம் நாலு பஞ்ச் கோட்டிங்குக்குப் போகிறது. இந்தத் தடவை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியாகிவிட்டது. சீட்டில் "வயிரக்கரிப் பூச்சு, 2 மைக்ரான், வளைவு உட்பட" என்று எழுதினேன். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க இருக்கிற பையனுக்குப் புரியணுமே தம்பி" என்றார். கீழே சின்னதாக டி.எல்.சி. என்றும் போட்டுவிட்டேன்.