புது வீட்டுக் குழாய் வேலை: நாமே பார்க்கலாமா, பிளம்பரைக் கூப்பிட வேண்டுமா?

புதுமனைக்காரன்

தாம்பரத்தைத் தாண்டி ஒரு பில்டரிடம் தனி வீடு வாங்கியிருக்கிறோம். சாவி கையில் வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. நாற்பது வீடுகளுக்கு மேல் உள்ள வளாகம், ஆனால் மொட்டைமாடியில் எங்களுக்கென்று தனியாக 1000 லிட்டர் டேங்க். போர் தண்ணீர்தான், உப்பு அதிகம்.

இப்போது மூன்று தொல்லைகள். பாத்ரூமில் பக்கெட் பிடிக்கும் குழாய் எவ்வளவு மூடினாலும் சொட்டுகிறது. ஃப்ளஷ் டேங்கிலிருந்து கோப்பைக்குள் சன்னமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாத்ரூமுக்கு மறுபக்கம் இருக்கும் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயின்ட் உப்பி உதிர்கிறது.

எல்லாவற்றையும் நாமே பார்த்துவிடலாம் என்கிறார் மச்சான். எதையும் தொடாதே, ஆளைக் கூப்பிடு என்கிறார் அப்பா. இருவரும் இறங்கி வருவதாக இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை ஸ்பேனர்

உங்கள் மச்சான் பக்கம்தான் நான். முதல் இரண்டும் நீங்களே செய்ய வேண்டிய வேலை. மூன்றாவதிலும் பாதி வேலை உங்களுடையது.

குழாய்: இப்போது வரும் குழாய்கள் பெரும்பாலும் அரைச் சுற்றில் மூடுபவை, உள்ளே செராமிக் டிஸ்க் வைத்த ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியோடு திரும்பித் தண்ணீரைத் திறந்து மூடும் தண்டு. அது தேய்ந்தாலோ உப்போ மணலோ மாட்டினாலோ சொட்டும். மாடியில் அந்த லைனுக்குத் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றி ஸ்பிண்டிலை வெளியே எடுங்கள். பழையதைக் கையோடு ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் புதியது வாங்குங்கள். குழாயின் உடம்பைச் சுவரிலிருந்து கழற்றவே வேண்டாம்.

ஃப்ளஷ்: டேங்க் தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் அடி வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். பல மாடல்களில் நடு வால்வைக் கால் சுற்று திருப்பித் தூக்கினால் வெளியே வந்துவிடும். வாஷரில் உப்பு படிந்திருந்தால் கழுவிப் போடுங்கள், விறைத்திருந்தால் மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டு, அவர் வருவாரா மாட்டாரா என்று காத்திருப்பது வீண். வீடு வாங்கியவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் மரையில் சுற்ற ஒரு டெஃப்லான் டேப்பும்.

மதுரை பிளம்பர்

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். ஸ்பேனர் தம்பி சொன்ன முறை சரி. ஆனால் அதில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஒன்றால்தான் ஜனங்கள் சுவரை உடைக்க வேண்டி வருகிறது.

டைல்ஸுக்குப் பின்னால் இருப்பது சிபிவிசி எல்போ, அதாவது சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பின் வளைவு. அதன் வாய்க்குள் ஒரு பித்தளைத் துண்டு பதித்திருக்கும். குழாய் திருகி நிற்பது அதில்தான். உப்புத் தண்ணீரில் ஸ்பிண்டில் இறுகிப்போயிருந்தால், அதைத் திருப்பும்போது குழாய் உடம்பும் சேர்ந்து திரும்பும். பித்தளை அசைந்தால் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும். அன்றைக்கு எதுவும் தெரியாது. மாசக் கணக்கில் சுவருக்குள் கசிந்து, பின்பக்கம் பெயின்ட் உப்பும்போதுதான் தெரியும்.

அதனால் ஒரு ஸ்பேனரால் உடம்பை அசையாமல் பிடித்து, இன்னொன்றால்தான் ஸ்பிண்டிலைத் திருப்ப வேண்டும். இரண்டு ஆள் வேலை இது. கொஞ்சம் பலம் கொடுத்தும் வரவில்லையா, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தில் நிறுத்தத் தெரிகிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். இன்னும் கொஞ்சம் முடுக்கிப் பார்க்கலாம் என்று போகிறவர்கள் தொடவே கூடாது.

மேடவாக்கம் மீனா

பிளம்பர் அண்ணா சொல்வது புரிகிறது. ஆனால் எங்கள் பக்கம் நிலைமை வேறு. சின்ன வேலைக்கு யாரும் வருவதில்லை. "நாளைக்கு வரேன்" என்பார்கள், அந்த நாளை வருவதே இல்லை. பகலில் வீட்டில் நானும் மாமியாரும்தான். டாய்லெட் பக்கத்தில் இருக்கும் கை ஸ்பிரேயின் (ஹெல்த் ஃபாசெட்) ஹோஸ் பிய்த்துக்கொண்டு பாத்ரூம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சும்போது யாருக்காகக் காத்திருப்பது?

எனவே நான் கற்றுக்கொண்டேன். சுவரில் ஹோஸ் தொடங்கும் இடத்தில் இருக்கும் சின்ன வால்வை, அதாவது ஆங்கிள் காக்கை மூடு, பழைய ஹோஸைக் கழற்று, புதியதை மாட்டு, அவ்வளவுதான். ஹோஸ் முனையில் ரப்பர் வாஷர் இருப்பதால் அங்கே டெஃப்லான்கூட வேண்டாம். கையால் முடுக்கி, ஸ்பேனரால் ஒரு சின்னத் திருப்பு போதும். சிங்க் அடைத்தால் அடியில் பக்கெட் வைத்து பாட்டில் ட்ராப்பை (சிங்குக்குக் கீழே குப்பை தங்கும் கிண்ணம்) கழற்றிக் கழுவுவேன். குழாய் வாயில் வேகம் குறைந்தால் ஏரேட்டர் சல்லடையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பேன்.

பெண்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம் என்று வீட்டில் ஒதுக்கிவைப்பதுதான் எனக்குக் கோபம். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் நாங்கள்தானே!

மதுரை பிளம்பர்

தங்கச்சி, நீங்கள் சொன்ன மூன்று வேலையும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் ஆட்கள் வராமல் இழுத்தடிப்பதும் உண்மைதான், அதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிங்க் அடைப்புக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அடுக்ககச் செயலாளர்

எல்லோரும் ஸ்பேனரைப் பற்றியே பேசுகிறீர்கள். சுவர் ஈரத்துக்குக் கேட்டவர் முதலில் எடுக்க வேண்டியது விற்பனை ஒப்பந்தத்தை.

2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவு இதற்காகவே இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் கூடுதல் கட்டணம் வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால் இழப்பீடு கேட்கலாம். சுவருக்குள் பதித்த பைப் கசிவது வேலைத் தரக் குறைதான். நீங்களே டைல்ஸை உடைத்துவிட்டால், "நீங்கள் கைவைத்ததால்தான் கசிகிறது" என்று பில்டர் சொல்ல வழி செய்து கொடுக்கிறீர்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து, மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.

சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டியவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்களோ அதுதான்.

கோவை ஸ்பேனர்

செயலாளர் சார், சட்டம் சரி. ஆனால் பில்டர் ஆளை அனுப்பும்வரை சுவர் ஊறிக்கொண்டே இருக்கட்டுமா? வருகிறவரும் ஈரத்தின் மேல் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார். என் சொந்தக்காரர் வீட்டில் அதுதான் நடந்தது. மழைக்காலம் வந்ததும் மறுபடி அதே இடத்தில் உப்பியது. எங்கே கசிகிறது என்பதை வீட்டுக்காரர் கண்டுபிடித்து வைத்திருந்தால்தான் பில்டரால் மழுப்ப முடியாது.

அதற்குச் செலவே இல்லாத சோதனை இருக்கிறது. இரவு எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரைப் போடாமல், டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கியிருந்தால் லைனில் கசிவு.

மதுரை பிளம்பர்

தம்பி, அவர் வீட்டில் ஃப்ளஷும் ஓடுகிறது, குழாயும் சொட்டுகிறது. இப்படியே சோதித்தால் சுவரில் ஒன்றும் இல்லாவிட்டாலும் மட்டம் இறங்கத்தான் செய்யும். முதலில் ஃப்ளஷ் டேங்கின் ஆங்கிள் காக்கை மூட வேண்டும், சொட்டும் குழாயைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம்தான் சோதனை.

இன்னொன்று. சுவர் ஈரம் என்றாலே பைப் கசிவு என்று முடிவு கட்டக் கூடாது. டைல்ஸ் இடுக்கில் பூசிய கிரவுட் உதிர்ந்திருக்கலாம், தரையில் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப் ஓரத்தில் இறங்கலாம். அந்த பாத்ரூமைச் சில நாள் குளிக்கப் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். ஈரம் காய ஆரம்பித்தால் தரைப்பக்கம் சந்தேகம். குளிக்காமலும் ஈரம் அப்படியே நின்றால் தண்ணீர் லைனில் சந்தேகம். டேங்க் சோதனையையும் இதையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

வீட்டுக்காரர் ஆராயட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உளியை அவர் எடுக்கக் கூடாது.

ஈரோட்டுக்காரன்

இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் கீசரையே நான்தான் மாட்டினேன். இரண்டு ஹோஸ், ஒரு பிளக், அதில் என்ன இருக்கிறது? அதன் பிரஷர் வால்விலிருந்து சூடாகும்போதெல்லாம் சொட்டியது. அடுத்து அதன் வாயை ஒரு எண்ட் கேப் போட்டு அடைக்கப் போகிறேன்.

மதுரை பிளம்பர்

தயவுசெய்து அடைக்காதீர்கள். இது விவாதிக்கிற விஷயம் இல்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 300 மில்லிக்கு மேல் கூடும். அந்தக் கூடுதல் தண்ணீர் டேங்குக்குத் திரும்ப வழியில்லாதபோது வால்வு வழியாகச் சொட்டும். அது அதன் வேலை. தெர்மோஸ்டாட் ஒரு நாள் பழுதாகித் தண்ணீர் கொதித்துக்கொண்டே போனால், அழுத்தம் வெளியேற இருக்கும் முக்கியமான வழியும் அதுதான். அதை அடைத்தால் கீசர் வெடிக்கலாம். சொட்டுவது தரையில் விழாமல் இருக்க ஒரு சின்னக் குழாயை வாய் திறந்தபடி வடிகாலுக்கு இறக்கிவிடுங்கள். கீசர் சூடாகாத நேரத்திலும் நிற்காமல் ஓடினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

எர்த் சரியாக இருக்கிறதா, கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்தும் பாருங்கள். தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தை நானே தனியாகத் தொட மாட்டேன்.

ஈரோட்டுக்காரன்

சரி அண்ணே, அடைக்கவில்லை. ஆனால் கீசர் மாட்டுவதற்கே ஆள் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுக்ககச் செயலாளர்

இன்னும் ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறேன். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி ஆளை இறக்குவது குற்றம், உள்ளே இருக்கும் வாயுவால் உயிர் போகும். நிறைந்துவிட்டால் 14420 எண்ணில் அழைத்து லாரி வரவழையுங்கள்.

புதுமனைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மச்சான் குழாய் உடம்பைப் பிடித்துக்கொள்ள நான் ஸ்பிண்டிலை மாற்றினேன். இறுக்கம் எதுவும் இல்லை. சொட்டுவது நின்றுவிட்டது. ஃப்ளஷ் வாஷரை மாற்றியதும் கேசரி நிறம் கோப்பையில் இறங்கவில்லை.

அப்புறம் டேங்க் சோதனை. ஆங்கிள் காக்கை மூடி, மட்டத்தைக் குறித்து வைத்தேன். காலையில் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மறுநாள் இரவு அந்த பாத்ரூமுக்கான கேட் வால்வை மட்டும் மூடிவைத்தேன், மட்டம் அப்படியே நின்றது. குளிப்பதை நிறுத்தியும் சுவர் காயவில்லை. இதையெல்லாம் படத்தோடு எழுதி பில்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அப்பா இப்போது, எந்த வால்வு எந்த லைனுக்கு என்று மாடியில் பெயின்டால் எழுதிக்கொண்டிருக்கிறார்.

கோவை ஸ்பேனர்

இரண்டு விரற்கடை என்றால் ஓர் இரவில் சுமார் இரண்டு பக்கெட் தண்ணீர். சின்னக் கசிவு இல்லை. நானாக இருந்தால் பில்டருக்காகக் காத்திருக்காமல் ஒரு டைல்ஸை எடுத்துப் பார்த்திருப்பேன். இப்போதும் அதுதான் என் கருத்து.

மதுரை பிளம்பர்

எடுக்க வேண்டாம் தம்பி. எந்த டைல்ஸ் என்று எப்படித் தெரியும்? அதற்கு முன்னால் இன்னும் ஒரு இரவு சோதியுங்கள். கேட் வால்வைத் திறந்துவிட்டு, கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்கை மட்டும் மூடுங்கள். ஹாட், கோல்ட் இரண்டும் சேரும் மிக்சர் இருந்தால் அதையும் நன்றாக மூடிவிடுங்கள். மட்டம் நின்றால் கசிவு சுடுதண்ணீர் லைனில், இறங்கினால் பச்சைத்தண்ணீர் லைனில். உடைக்கிற இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பில்டர் ஆள் வந்ததும் நேரே உளியை வைக்க விடாதீர்கள். கைப்பம்ப் வைத்து லைனில் அழுத்தம் ஏற்றி பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லி, மீட்டரின் முள் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஜாயின்ட் மாற்றியதும், அது சிபிவிசி பைப் என்றால் சிபிவிசிக்கான ஒட்டும் சொல்யூஷன்தானா என்று டப்பாவைப் பாருங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய்ந்த பிறகு மறுபடி டெஸ்ட். அதில் முள் நின்றால்தான் டைல்ஸ் ஒட்ட விட வேண்டும். மூடுவதற்கு முன் அளவு டேப்பை வைத்து அளவு தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுமனைக்காரன்

இன்று இரவே கீசர் காக்கை மூடிப் பார்க்கிறேன் அண்ணா.