முதல் ஓட்ட ஷூ: பெட்டி மேல் இருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள்

(ஓட்டக்காரர்களின் இணையக் குழு உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

விடியல் 5 மணி

ஓட வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் கால் நகம் கறுத்துவிட்டது, குதிகாலில் கொப்புளம் என்று வருபவர்களின் ஷூவைக் கழற்றிப் பார்த்தால், கோளாறு விலையிலோ பிராண்டிலோ இருப்பது அபூர்வம். அளவில்தான் இருக்கும். ஆபீஸ் ஷூ எட்டு என்பதால் ஓடுவதற்கும் எட்டே வாங்கியிருப்பார்கள். அளவு பார்ப்பதில் கைகண்ட விஷயங்களை மட்டும் இங்கே எழுதுங்கள். எந்த மாடல் நல்லது என்ற பேச்சு வேண்டாம். அது பாதத்துக்குப் பாதம் மாறும்.

அளவுகோல்

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். சாயங்காலம் அளப்பது நல்லது. நாள் முழுக்க நின்று நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். தரையில் ஏ4 தாளைச் சுவரோடு ஒட்டி வைத்து, குதிகால் சுவரைத் தொட நில்லுங்கள். உட்கார்ந்து அளக்காதீர்கள். உடம்பு எடை இறங்கினால்தான் பாதம் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் விரியும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அங்கேயே போய்விடும். நீளமான விரல் எப்போதும் பெருவிரல்தான் என்றில்லை. பலருக்கு இரண்டாவது விரல்தான் முந்தி நிற்கும். அவர்களுக்கு அதுதான் கணக்கு. இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்கள். சின்ன காலை சாக்ஸும் லேஸும் பார்த்துக்கொள்ளும்.

பாதம் 26 செ.மீ. என்றால் ஷூவின் உள்நீளம் 27 செ.மீ. அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் பாதம் முன்னால் நகரும், நீளும். அதற்குத்தான் இந்த 10 முதல் 12 மி.மீ. இடம். நின்றுகொண்டிருக்கும்போது கச்சிதமாக இருக்கும் ஷூவில் இந்த இடம் இல்லை. மூன்றாவது கிலோமீட்டரில் விரல் முட்ட ஆரம்பித்து, நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டும்.

யூகே அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. அரை சைஸ் 4 மி.மீ. சொச்சம். மொத்தமே 10 மி.மீ. இடம் தேடும்போது "அரை சைஸ்தானே" என்று விட்டுக்கொடுத்தால் அதில் பாதிக்குப் பக்கம் போய்விடுகிறது. இன்னொன்று, யூகே எண் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. ஆண்களுக்கான ஷூவில் நைக்கி, ஆசிக்ஸ் இரண்டிலும் யூகே 8 என்பது 27 செ.மீ.; அடிடாஸில் அதே 27 செ.மீ.க்கு யூகே 8.5. அதனால் ஷூவின் நாக்குக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் செ.மீ. அல்லது ஜேபி (ஜப்பான் அளவு) என்ற வரியைப் பார்த்துப் பேசுங்கள்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம்

கடையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விற்பனையாளருக்கு அவசரம் இருக்கலாம், உங்களுக்கு வேண்டாம்.

முதலில் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, அதாவது இன்சோலை, வெளியே எடுங்கள். தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். விரலுக்கு முன்னால் அந்த 10 முதல் 12 மி.மீ. இடம் மிஞ்ச வேண்டும். பக்கவாட்டில் பெருவிரல் முட்டியோ சுண்டுவிரலோ இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ அகலம் பத்தாது, போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

பிறகு ஓடும்போது போடும் சாக்ஸோடு (கடையில் தரும் மெல்லிய சாக்ஸில் பார்த்தால் கணக்கு தப்பும்) இரண்டு காலிலும் போட்டு, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்காரவைத்து, அதன் பிறகு லேஸ் கட்டுங்கள். எழுந்து நின்று விரல்களை மேலும் கீழும் அசையுங்கள். தடையில்லாமல் அசைய வேண்டும். பாதத்தின் அகலமான இடத்தில் மேல்துணியைக் கிள்ளிப் பாருங்கள். கொஞ்சமும் பிடிபடாமல் விறைப்பாக இருந்தால் இறுக்கம். கையில் கொத்தாகத் துணி வந்தால் தொளதொளப்பு. ஷூவின் வாயைச் சுற்றியுள்ள விளிம்பு கணுக்கால் எலும்பில் உரசுகிறதா என்று பாருங்கள், குறிப்பாக வெளிப்பக்கம்.

அடுத்தது ஓடிப் பார்ப்பது. நடந்து பார்ப்பது போதாது. கடை வாசலிலோ உள்ளேயோ இரண்டு மூன்று நிமிடம் ஓடுங்கள். படியிலோ சாய்வுப் பலகையிலோ இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் முட்டினால் நீளம் குறைவு, அல்லது லேஸ் பிடிமானம் சரியில்லை.

"போடப் போடச் சரியாயிடும் சார்" என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். அது தோல் செருப்புக்குச் சரி. ஓட்ட ஷூவின் மேல்துணி செயற்கை இழை, அது பழகிக் கொடுப்பது ரொம்பக் குறைவு. மிட்சோல், அதாவது ஷூவின் நடு அடுக்கில் இருக்கும் நுரை, கொஞ்சம் இளகும், ஆனால் நீளமோ அகலமோ அதிகமாகாது. முதல் நாள் கடிக்கிற ஷூ கடித்துக்கொண்டேதான் இருக்கும்.

பாதம் பார்ப்பவர்

அகலம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலம் என்பது அதில் தெரிந்தது. நமக்கென்று 'பா' என்ற தனி அளவுமுறையை முன்வைத்ததும் அதன் அடிப்படையில்தான். ஆனால் கடையில் இருக்கும் ஷூ இன்னமும் அந்த நாட்டு அச்சில் வார்த்ததுதானே.

அகலம் பத்தவில்லை என்றால் கடையில் ஒரு சைஸ் பெரியதை நீட்டுவார்கள். இது தீர்வே இல்லை. ஷூ மடங்கும் இடமும் உங்கள் விரல் அடி மூட்டு மடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் ஷூவின் மடிப்பு விரல் பக்கம் தள்ளிப்போகும், பாத வளைவுக்கான மேடு தப்பான இடத்தில் குத்தும், குதிகால் ஒவ்வொரு அடியிலும் தூக்கி வழுக்கும். குதிகால் கொப்புளத்துக்கு இதுதான் முக்கியக் காரணம். அதே நீளத்தில் அகலமானதைக் கேளுங்கள்: ஆண்களுக்கு டி என்பது சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். பெண்களில் அகலப் பாதம் உள்ளவர்கள் ஆண்கள் பிரிவிலும் தேடலாம். பெண்கள் யூஎஸ் 8 என்றால் ஆண்கள் யூஎஸ் 6.5. நீளம் அதேதான், அகலம் கூடும்.

குறுகலான ஷூவோடு மல்லுக்கட்டி ஓடினால் மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவே எரிச்சலும் மரத்துப்போவதும் வரும். இது நரம்பு நசுங்குவதன் அறிகுறி. வந்தால் ஷூவை மாற்றுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

புதுசு

தட்டைப் பாதத்துக்கு ஆர்ச் சப்போர்ட் (பாத வளைவுக்குத் தாங்கல்) உள்ளதுதான் வாங்க வேண்டுமா? ஈரக்கால் தடம் எடுத்துப் பார்த்துச் சொல்கிறார்களே?

பாதம் பார்ப்பவர்

தடத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அமெரிக்க ராணுவம், விமானப்படை, கடற்படைக் காலாட்படை மூன்றிலும் புதுப் பயிற்சியாளர்களை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாத வளைவுக்கு ஏற்ற ஷூ, இன்னொரு பிரிவுக்கு எல்லோருக்கும் ஒரே வகை. காயம் படுவதில் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. இரண்டு மூன்று ஜோடி ஓடிப் பார்த்து, எதில் கால் உறுத்தாமல் இயல்பாகப் போகிறதோ அதை எடுங்கள். ஏற்கெனவே கணுக்காலிலோ முழங்காலிலோ வலி இருந்தால் மட்டும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

விடியல் 5 மணி

லேஸ் பற்றி யாரும் எழுதவில்லை. அளவு சரியாக இருந்தும் குதிகால் தூக்கினால், மேலே கடைசியில் பின்தள்ளி இருக்கும் அந்த உபரித் துளை அதற்குத்தான். லேஸை வெளியிலிருந்து அந்தத் துளைக்குள் விட்டு, அதே பக்கம் சின்ன வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, மேலே அல்ல, கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் உட்கார்ந்துவிடும், முன்பக்கத்தை இறுக்கவும் வேண்டாம். பாதத்தின் மேட்டில் வலித்தாலோ மரத்தாலோ, வலிக்கும் இடத்தில் மட்டும் குறுக்கே போகாமல் லேஸை நேராக மேல் துளைக்கு ஏற்றிவிடுங்கள்.

பருத்தி சாக்ஸ் வேண்டாம். நம் வியர்வைக்கு அது நனைந்து கனத்து, தோலை ஊறவைத்து உரசும்.

அளவுகோல்

ஆன்லைனில் வாங்குபவர்கள் வீட்டுக்குள் சுத்தமான தரையில் இருபது நிமிடம் போட்டுப் பாருங்கள், லேபிளைப் பிய்க்காமல். வெளியே ஒரு முறை ஓடிவிட்டால் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

வாங்கி ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்சோலை ஒரு தடவை வெளியே எடுங்கள். விரல்கள் பதிந்த குழி தெரியும். நீளமான விரலின் குழி முன் விளிம்பை ஒட்டி இருந்தால் அடுத்த ஜோடி அரை சைஸ் கூட வேண்டும். சுண்டுவிரலின் குழி பாதி விளிம்புக்கு வெளியே போயிருந்தால் நீளம் அதேதான், அகலம் கூட்டிக் கேளுங்கள்.