முடுக்கமானியின் ‘சாச்சுரேஷன்’: தெவிட்டலா, முட்டலா?

வணக்கம்.

இஸ்ரோவின் சிறிய ஏவூர்தியான எஸ்எஸ்எல்வியின் முதல் பறத்தல், அதாவது எஸ்எஸ்எல்வி-டி1 பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கும்போது ‘சாச்சுரேஷன்’ என்ற சொல் இடிக்கிறது. பின்னணி இது. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஏவூர்தியின் மூன்று திட எரிபொருள் அடுக்குகளும் சரியாகவே எரிந்தன. ஆனால் இரண்டாம் அடுக்கு கழன்ற நொடியில், கருவிகள் பொருத்திய தட்டு கடுமையாக அதிர்ந்தது. முடுக்கத்தை அளக்கும் ஆறு முடுக்கமானிகளும் சிறிது நேரம் ‘சாச்சுரேட்’ ஆயின, அதாவது அளவெல்லையின் உச்சியைத் தொட்டு அதற்குமேல் அளக்க முடியாமல் நின்றன. பழுதறியும் மென்பொருள் ஆறையுமே பழுதென்று ஒதுக்கியது. அதன்பின் முடுக்க அளவீடு இல்லாமலே ஏவூர்தி மீட்புமுறையில் பறந்தது. 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் பதிலாகக் கிடைத்தது 356 × 76 கி.மீ. நீள்வட்டம், 76 கி.மீ. உயரத்துக் காற்றில் எந்தச் செயற்கைக்கோளும் தாக்குப்பிடிக்காது.

பாடநூலில் தெவிட்டிய கரைசல் இருக்கிறது, டிரான்சிஸ்டருக்கும் தெவிட்டிய நிலை இருக்கிறது. ஆகவே ‘முடுக்கமானி தெவிட்டியது’ என்று எழுதலாமா? இலங்கை வழக்கில் ‘நிரம்பல்’. அதுவும் கைவசம் உள்ளது.

———

> ‘முடுக்கமானி தெவிட்டியது’ என்று எழுதலாமா?

வேண்டாம் என்பேன். கரைசல் தெவிட்டினால் அது ஒரு சமநிலை, அப்படியே இருக்கும். முடுக்கமானிக்கு நேர்வது சில மில்லிநொடி விவகாரம். உள்ளிருக்கும் சிறு நிறை தடுப்பில் போய் இடிக்கும், அல்லது அதை நடுவில் நிறுத்தும் சுருளின் மின்னோட்டம் உச்சத்தைத் தொட்டு அதற்குமேல் ஏறாது. அதிர்வு தணிந்ததும் மானி பழையபடி அளக்கும். ‘நிரம்பல்’ இன்னும் பொருந்தாது, உள்ளே எதுவும் சேர்வதில்லை.

வயிறு முட்டத் தின்றான் என்கிறோமே, அந்த ‘முட்டு’ போதும். என் முன்மொழிவு: அளவுமுட்டல். நேர்ப்பக்கம் மேல்முட்டு, எதிர்ப்பக்கம் கீழ்முட்டு, பழைய நிலைக்கு வர ஆகும் நேரம் மீள்நேரம். வினையாகவும் எளிதில் வளையும்: முட்டியது, முட்டிநின்றது, மீண்டது.

———

முட்டல் என்றால் மோதலும்தானே? அடுக்குப் பிரிப்பு அறிக்கையில் ‘பிரிந்த அடுக்கு முட்டியது’ என்று வந்தால் கழன்ற பகுதி திரும்பி வந்து இடித்ததாகத்தான் படிப்பார்கள். அதுவும் நிஜமாகவே நேரக்கூடிய விபத்து. ‘உச்சிவெட்டு’ எப்படி? வரைபடத்தில் அலையின் தலை தட்டையாகத் தெரிவதை அப்படியே சொல்கிறது.

———

மோதல் பற்றிய எச்சரிக்கை சரி. பெயர்ச்சொல்லில் ‘அளவு’ என்ற முன்னொட்டை விடக்கூடாது. வினையில் ‘மானி அளவுமுட்டியது’ என்றே எழுதுவோம். அடுக்குக்கு ‘மோதியது’.

உச்சிவெட்டை ஏற்கமாட்டேன். அது அலையின் வடிவத்துக்குப் பெயர், மானியின் நிலைக்கு அல்ல. இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. மானி முட்டிய பிறகு அதன் குறிகை (சிக்னல்) வடிகட்டி வழியாகப் போனால் தட்டையான தலை மழுங்கிவிடும். பதிவில் மெல்லிய மேடோ பள்ளமோதான் மிஞ்சும். அதிர்வுமேசைச் சோதனையில் பலர் ஏமாறுவது இங்கேதான். வடிகட்டிக்கு முன்னால் ஒரு பதிவு எடுக்காவிட்டால் முட்டியதே தெரியாது.

தெரியாமல் போனால் என்ன ஆகும்? ±20 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) எல்லையுள்ள ஒரு மானி என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் உந்தலால் ஏற்கெனவே 5 ஜி காட்டுகிறது. மேலே இன்னும் 15 ஜிக்குத்தான் இடம், கீழே 25 ஜிக்கு. பெரிய அதிர்வு இருபுறமும் முட்டினால் மேலே அதிகம் வெட்டுப்படும், சராசரி 5க்குக் கீழே இறங்கும். 1 ஜி பிழை 0.1 நொடி நீடித்தாலே திசைவேகக் கணக்கு ஏறத்தாழ 1 மீ/நொடி தவறிவிடும்.

எனவே மூன்று சொற்களையும் கலக்காமல் வைக்கவேண்டும்: அளவுமுட்டல் மானியின் நிலை, உச்சிவெட்டு அலையின் வடிவம், பழுது கருவியின் கேடு. டி1-இல் முதலாவதை மூன்றாவதாக எடுத்துக்கொண்டதுதான் வினையாயிற்று. ஆறும் ஒரே கணத்தில் கெட வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே தட்டில் இருப்பவை ஒரே அதிர்வில் முட்டத்தான் வாய்ப்பு. அடுத்த ஏவூர்திக்கு அதிர்ச்சி குறைந்த பிரிப்பு அமைப்பு, திருத்திய கருவித்தட்டு, அவசரப்பட்டு ஒதுக்காத பழுதறி தருக்கம் என மூன்று பக்கமும் கைவைத்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று டி2, 450 கி.மீ. வட்டப்பாதையை அடைந்தது.

———

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்துடன். டிரான்சிஸ்டருக்கும் காந்தப்பொருளுக்கும் ‘தெவிட்டல்’ அப்படியே இருக்கட்டும். பாடநூல் படித்துவரும் மாணவரைக் குழப்ப வேண்டாம். உணரிகளுக்கு மட்டும் அளவுமுட்டல். அழுத்தமானி, சுழல்வேகமானி இரண்டுக்கும் இதே சொல் செல்லும்.

கட்டுரை வரியை இப்படி மாற்றிவிட்டேன்: “இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது முடுக்கமானிகள் ஆறும் அளவுமுட்டின, மென்பொருள் அதைப் பழுதாகக் கொண்டது.”