சாகாவும் சோதனை எழுதினவர் தானே

குழு: அம்மம்மா வீட்டாக்கள்

சனிக்கிழமை

அம்மா, 18:40
எல்லாரும் இதை ஒருக்கா வாசிச்சுப் பதில் போடுங்கோ. இண்டைக்கு என்ர மகன்ர ஃபுட்போல் மச் முடிய ஒருத்தர் வந்து கதைச்சவர். ஒரு கிளப்பின்ர அகாடமி, சின்னப் பெடியளைப் பழக்கிற இடத்து ஆளாம். கொஞ்சக் காலம் அங்க வந்து பயிற்சி எடுக்கட்டும், பாத்துச் சொல்லுறம் எண்டு கேக்கினம். செவ்வாய், வியாழன் பின்னேரமும் ஞாயிறு காலமையும். அடுத்த வருசம் ஜிசிஎஸ்ஈ, அதுதான் 16 வயசில எழுதுற சோதனை, அதின்ர பாடங்கள் துவங்குது. எனக்கு ஒண்டும் ஓடேல்லை.

மாமா, 18:44
இதில யோசிக்க என்ன இருக்கு பிள்ளை? விடு. நல்ல இடது கால் அவனுக்கு. சும்மா வந்து கேக்க மாட்டினம்.

பெரியப்பா கனடா, 18:52
நான் இதுக்குச் சம்மதமில்லை. பந்தடிச்சு முன்னுக்கு வந்தவை எத்தினை பேர்? செவ்வாயும் வியாழனும் போனா ரியூசன் என்னாகும்? வேலை, படிப்பு எண்டு நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததே.

அக்கா, 18:58
பெரியப்பா, புகாயோ சாகாவைப் பாருங்கோ. பிறந்தது 2001இல, இஞ்ச ஈலிங்கில. எங்கட அம்மன் கோயில் இருக்கிற அதே ஈலிங். படிச்சது கிரீன்ஃபோர்ட் ஹை ஸ்கூல். தாய் தகப்பன் நைஜீரியாவில இருந்து வந்த ஆக்கள். ஆர்சனல் கிளப்பின்ர அகாடமியில இருந்துகொண்டு தான் ஜிசிஎஸ்ஈ எழுதினவர். நாலு ஏ ஸ்டார், மூண்டு ஏ எண்டு பேப்பருகளில வந்தது.

பெரியப்பா கனடா, 19:01
அது ஆயிரத்தில ஒருத்தன், பிள்ளை.

அம்மம்மா, 19:05
ஆர் உந்தப் பெடியன்? சித்தி எனக்காக எழுதுறா.

மாமா, 19:11
அம்மா, இங்கிலாந்து அணியில வலது பக்கம் ஓடுற பெடியன். ஏழாம் நம்பர். 2018 நவம்பர் 29, கீவ் நகரத்தில ஆர்சனலுக்கு முதல் ஆட்டம். அப்ப 17 வயசு. எதிரணியின்ர ஊர் பொல்ராவா, ஆனால் உக்ரைனில இராணுவச் சட்டம் போட்டதால ஆட்டத்தைக் கீவுக்கு மாத்தினவை. அதுக்குப் பிறகு 2019 ஜனவரி 1, இங்கிலாந்தின்ர முதல்தரப் போட்டியான பிரீமியர் லீக்கில இறங்கினவன். 2001இல பிறந்த ஆக்களில அதில முதல் விளையாடினது அவன் தான்.

அக்கா, 19:14
அவரைப் பிடிக்கிறதுக்கு எனக்கு வேற காரணம். 2019 கடைசியில ஆர்சனலின்ர லெப்ட் பேக், அதாவது இடது பக்கம் நிண்டு தடுக்கிற டியர்னி, கொலாசினாச் ரெண்டு பேரும் காயம். சாகா விங்கர், முன்னுக்கு ஓரத்தால ஓடுறவர். பின்னுக்கு நிண்டு தடுக்கிறது அவற்ற வேலையே இல்லை. எண்டாலும் போய் நிண்டவர். பெல்ஜியத்தில ஸ்டாண்டர்ட் லீஜ் அணி 2-0 எண்டு முன்னுக்கு நிக்கேக்க ஒரு கோலுக்குப் பந்து குடுத்து, மற்றதைத் தானே அடிச்சுச் சமப்படுத்தினவர். அந்த மாசங்களில கிடைச்ச இடத்தில நிண்டு விளையாடினபடியால் தான் பேந்து கோச் ஆர்டெட்டாவால அவரை வெளியில விட ஏலாமல் போனது.

சித்தி, 19:20
நான் ஒண்டு சொல்லட்டே. சாகாவை மட்டும் பாத்து முடிவெடுக்காதேங்கோ. அவரோட அதே ஆர்சனலின்ர ஹேல் எண்ட் அகாடமியில இருந்து வந்தவர் எமில் ஸ்மித் ரோ. ரெண்டு பேரின்ர பேரையும் சேத்துத் தான் மைதானம் முழுக்கப் பாடினது. 2021 செப்டம்பரில ஆர்சனலின்ர பரம எதிரி ஸ்பர்ஸை 3-1 எண்டு அடிச்ச அண்டைக்கு ரெண்டு பேருமே கோல் போட்டவை. பேந்து ஸ்மித் ரோவுக்குக் காயம், அடுத்த வருசம் ஒப்பரேசன், திரும்பி வரேக்க இடமில்லை. 2024இல ஃபுல்ஹாமுக்குப் போயிட்டார். அவருக்கும் நல்ல வாழ்க்கை தான். ஆனால் அந்தளவுக்குக் கூடப் போகாமல் 16 வயசுக்கு முதலே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெடியள் தான் கனக்க. என்ர ஆசுப்பத்திரி வோர்ட்டில அப்பிடி ஒரு தாய் அழுததைப் பாத்திருக்கிறன்.

பெரியப்பா கனடா, 19:22
அதைத் தான் நானும் சொல்லுறன்.

மாமா, 19:29
அத்தான், அதுக்குப் பயந்து வாசலிலயே நிக்கிறதே? 17 வயசில தான் தொழில்முறை ஒப்பந்தமே போடலாம். அதுவரைக்கும் பள்ளிக்கூடமும் நடக்கும், பந்தும் நடக்கும். சாகாவின்ர தாய் தகப்பனும் மேற்கு லண்டனில இருந்து ஹேல் எண்ட் வரைக்கும் அலைஞ்சவை தான். நோர்த் சேர்க்குலர் றோட்டில பின்னேர ட்ராஃபிக் எப்பிடியெண்டு இஞ்ச இருக்கிறவைக்குத் தெரியும். எங்கட ஆளுக்கு அவ்வளவு தூரமும் இல்லை.

அம்மா, 19:41
படிப்பு எப்பிடியும் சமாளிக்கலாம் அண்ணா. எனக்கு அது பெரிய பயமில்லை. என்ர மனசில நிக்கிறது வேற. 2021 யூலை. இத்தாலியோட யூரோ கிண்ண ஃபைனல். நாங்கள் எல்லாரும் பெரியக்கா வீட்டில இருந்து பாத்தனாங்கள் எல்லோ. ஆட்டம் சமனா முடிய, பெனல்டியில கடைசியை சாகா எண்ட அந்தப் பிள்ளையிட்டக் குடுத்தவை. 19 வயசு. அதுக்கு முதல் பெரிய ஆட்டம் ஒண்டிலயும் பெனல்டி அடிச்சதில்லையாம். இத்தாலி கோல்கீப்பர் டொன்னரும்மா பிடிச்சிட்டார். ரஷ்ஃபோர்டும் சாஞ்சோவும் விட்டவை தான், ஆனால் கடைசியா விட்டது இவர். அண்டிரவு அந்த மூண்டு பெடியளுக்கும் போனில வந்த நிறவெறிச் சொல்லுகளை நினைச்சா இப்பவும் என்ர நெஞ்சு பதறும். வெண்டா இங்கிலாந்துப் பிள்ளை, தோத்தா கறுப்பன். எங்கட பிள்ளைக்கு என்ன சொல்லுவினம்?

அம்மம்மா, 19:46
19 வயசு எண்டா பச்சைப் பிள்ளை. பெரியாக்கள் நிண்டவை தானே, அவையள் ஏன் அடிக்கேல்லை?

அக்கா, 19:50
அம்மம்மா, அந்தக் கேள்வியைத் தான் நாடே கேட்டது. வரிசையைத் தான் தான் தீர்மானிச்சனான், பொறுப்பு என்ர எண்டு கோச் சவுத்கேட் அண்டைக்கே சொன்னவர். அம்மா, நீங்கள் சொல்லுறதை நான் மறுக்கேல்லை. பிறகு பொலிஸ் 11 பேரைப் பிடிச்சது. அது காணுமெண்டு சொல்ல மாட்டன்.

ஆனால் அந்தக் கோடையில நடந்த மற்றதையும் சொல்ல வேணும். சனம் எழுதின கடிதங்களால ஒரு சுவரையே மூடி வைச்சு, அவர் பயிற்சிக்குத் திரும்பி வந்த அண்டைக்கு ஆர்சனல் காட்டினது. ஆகஸ்டில ஸ்பர்ஸ் மைதானத்தில, எதிரி மைதானத்தில, அவருக்காகப் பதாகை பிடிச்சு எழும்பிக் கை தட்டினவை. அவற்ற அறிக்கையில, தனக்கு என்ன மாதிரி வெறுப்பு வரப்போகுதெண்டு அந்த நிமிசமே தெரிஞ்சது எண்டு எழுதினவர். 19 வயசுப் பிள்ளைக்கு அது முதலே தெரிஞ்சிருந்ததை என்னால இண்டைக்கும் ஏற்க ஏலாமல் கிடக்கு.

மாமா, 20:03
தங்கச்சி, நீ அந்த ஒரு பெனல்டியோட நிக்கிறாய். நான் அதுக்குப் பிறகு நடந்ததை எண்ணிக்கொண்டு வாறன்.
2022 ஏப்ரல் 20, செல்சி மைதானம். ஃபைனலுக்குப் பிறகு அடிச்ச முதல் பெனல்டி. கோல். மூண்டு நாளால மான்செஸ்டர் யுனைட்டட்டோட இன்னொண்டு. அதுவும் கோல். அந்த ஒக்டோபரில லிவர்பூலை 3-2 எண்டு வெண்டதும் அவற்ற பெனல்டியால தான்.

மாமா, 20:06
2023இல வெஸ்ட் ஹாமோட வெளியில அடிச்சிட்டார். ஆட்டம் 2-2. லீக் கையை விட்டுப் போன நாள்களில அதுவும் ஒண்டு. எண்டாலும் அடுத்த பெனல்டிக்குப் பின்வாங்கேல்லை.

மாமா, 20:09
2024 யூரோ. சுவிட்சர்லாந்தோட தோக்கப் போற நேரம், 80ஆவது நிமிசம், வலது பக்கத்தில இருந்து உள்ளுக்கு வெட்டி இடது காலால தூரத்தில இருந்து அடிச்ச கோல், போஸ்டில பட்டு உள்ளுக்கு. ஆட்டம் சமனா முடியப் பெனல்டி வந்தது. மூண்டாவதா நடந்து போனது சாகா. கோல். நான் அந்த நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான்.

சித்தி, 20:12
ரியல் மட்ரிட்டோட நடந்ததை விட்டிட்டியள் அண்ணா. 2025 ஏப்ரல், அவையின்ர பெர்னபேயு மைதானம். முதல் பாதியில மெதுவாத் தூக்கி அடிச்ச பெனல்டியை அவையின்ர கோல்கீப்பர் கோர்ட்டுவா பிடிச்சிட்டார். ரெண்டாம் பாதியில அவர் தான் முதல் கோல் போட்டது, அதையும் கோர்ட்டுவாவுக்கு மேலால தூக்கித் தான். அதுவும் தொடைப் பின்தசை கிழிஞ்சு ஒப்பரேசன் செய்து, மூண்டு மாசத்துக்கு மேல வெளியில இருந்திட்டு வந்த உடன.

அம்மா, 20:15
அந்தக் காயம் எப்பிடி வந்தது?

சித்தி, 20:24
2024 டிசம்பரில கிரிஸ்டல் பலஸோட விளையாடேக்க. அக்கா, நேர்ஸா நான் சொல்லுற ஒரே விசயம் இது தான். சாகா பிரீமியர் லீக்கில 87 ஆட்டம் ஒண்டும் விடாமல் விளையாடினவர், ஆர்சனலில அது சாதனை. எனக்கு அதில பெருமையை விடக் கவலை தான் கூட. ரெண்டு பேர் சேந்து அவரை உதைச்சு விழுத்தாத ஆட்டம் இருக்கே? இளம் உடம்பெண்டு நினைச்சு ஓய்வு குடுக்காமல் விட்டா எங்கயோ ஒருநாள் கிழியும். எங்கட ஆள் இன்னும் வளருற பிள்ளை. அகாடமியும் போய், பள்ளிக்கூட ரீமும் ஆடி, சனிக்கிழமை லீக்கும் எண்டா நான் விட மாட்டன். ஒண்டை விட வேணும். அவன் மாட்டன் எண்டாலும் நீ நிப்பாட்ட வேணும்.

மாமா, 20:26
அது நியாயம்.

அம்மம்மா, 20:30
இடது காலன் ஏன் வலது பக்கம் ஓடுறவன்? எனக்கு அது விளங்கேல்லை.

அக்கா, 20:37
நல்ல கேள்வி அம்மம்மா. வலது காலன் அந்தப் பக்கம் ஓடினா கோட்டோரமாப் போய் குறுக்கால பந்து போடுறது தான் சுகம். இடது காலன் உள்ளுக்குத் திரும்பினா கோல் அவருக்கு நேர முன்னுக்கு வரும். தடுக்கிறவருக்கு அவர் உள்ளுக்கு வாறதும் தெரியும், தடுக்கவும் ஏலாது. ஏனெண்டா சாகா இடைக்கிடை வெளிப்பக்கமாப் போய் வலது காலாலயும் பந்து போடுவார். வலது பக்கம் தடுக்கிறவர் பின்னால ஓடி வருவார், நடுவில விளையாடுற ஓடிகோர் பக்கத்தில நிப்பார், ஆரை மறிக்கிறது? வலது மூலைக் கோர்ணரும் கனக்க இவர் தான் அடிக்கிறது, இடது கால் எண்டபடியால் பந்து கோலுக்குள்ள வளைஞ்சு வரும், உயரமான தடுப்பாட்டக்காரர் கப்ரியேல் தலையால அடிப்பார்.

அம்மம்மா, 20:39
இப்ப விளங்குது. எங்கட பெடியனும் அப்பிடித் தானே ஓடுறவன்.

பெரியப்பா கனடா, 20:48
அவனையே கேட்டீங்களோ ஒருத்தரும்? குழுவில இருக்கிறான் தானே.

நான், 20:55
எல்லாம் வாசிச்சனான். எனக்குப் போக விருப்பம். பள்ளிக்கூட ரீமை விடுறன், சித்தி. லீக்கை விட ஏலாது எண்டு நினைச்சனான், ஆனால் அகாடமி எடுத்தா லீக்கையும் விட வேணுமெண்டு அந்த அகாடமி ஆளே சொன்னவர்.

நான், 20:56
அம்மா, நிறத்தை வைச்சு அப்பிடிச் சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியும். இப்பவே சில பேர் சொல்லுறவை. நான் உங்களுக்குச் சொல்லேல்லை.

அம்மா, 20:57
ஆர்? எப்ப?

நான், 20:59
போன மாசம், மற்ற ரீமில ஒருத்தன். ரெஃபரியிட்டச் சொன்னனான். அவனை வெளியில எடுத்தவர். எங்கட கோச் அடுத்த நாள் அவையின்ர கிளப்புக்கு எழுதினவர்.

அம்மா, 21:10
கீழ வா குஞ்சு. இதைப் போனில கதைக்க வேண்டாம்.

பெரியப்பா கனடா, 21:34
தங்கச்சி, நான் முதல் சொன்னதை வைச்சு மறிக்க மாட்டன். ரியூசன் நாளை மாத்து. கணக்கை நான் பாக்கிறன். சனிக்கிழமை உங்கட பின்னேரம் நாலு மணி, வீடியோவில. ஒரு கிழமையும் தவறக் கூடாது.

மாமா, 21:36
செவ்வாய் நான் ஏத்திக்கொண்டு போறன். வியாழன் எனக்கு வேலை முடிய ஏழாகும்.

சித்தி, 21:38
வியாழன் எனக்கு ஓஃப். நான் வாறன்.

ஞாயிற்றுக்கிழமை

அம்மா, 07:15
இரவு கனநேரம் கதைச்சனாங்கள். அந்த ஆளுக்கு இண்டைக்கு ஓம் எண்டு சொல்லப் போறன். இன்னொருக்கா அப்பிடி ஆரும் சொன்னா அண்டைக்கே எனக்குச் சொல்ல வேணுமெண்டு சத்தியம் வாங்கியிருக்கிறன். அண்ணா, செவ்வாய் அஞ்சரைக்கு வாசலில நில்லுங்கோ. சாப்பாடு கட்டித் தருவன், காரில சாப்பிடட்டும்.